வாசகர் கேள்வி – பதில்: குறியீடு தெரியாதவரும் விக்கியில் எழுத

சொந்தமாக விக்கித் தளம் நடத்துகிறவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். சுற்றிச் சுற்றி எல்லாரும் கேட்பது இரண்டு விஷயம்தான்: பக்கத்தைப் பார்த்தபடியே எழுதும் வசதி, கைப்பேசியில் ஒழுங்காகத் தெரிவது. கிட்டத்தட்ட எல்லாமே மீடியாவிக்கி (விக்கிப்பீடியா ஓடும் மென்பொருள்) பற்றிய கேள்விகள் என்பதால் பதில்களும் அதைப் பற்றியே இருக்கும். மற்ற மென்பொருள்களுக்கு ஒரு கேள்வி தனியாக இருக்கிறது.

கேள்வி: எங்கள் தாவர ஆர்வலர் குழு மீடியாவிக்கி 1.31-இல் ஒரு தளம் நடத்துகிறது. செடிகளைப் பற்றிக் கரைத்துக் குடித்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். ஆனால் ‘தொகு’ என்பதை அழுத்தியதும் அடைப்புக்குறிகளாக வருவதைப் பார்த்து அப்படியே மூடிவிடுகிறார்கள். விஷுவல் எடிட்டர் என்ற காட்சித் தொகுப்பானைப் போட ஆசை. படித்த வழிமுறைகள் எல்லாம் சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ் வேண்டும் என்கின்றன. எங்களுடையது பகிர்வு ஹோஸ்டிங், பலருடைய தளங்கள் ஒரே சர்வரில். வாய்ப்பு உண்டா?

உண்டு, நோட் ஜேஎஸ் இல்லாமலே. நீங்கள் படித்தது பழைய வழிமுறை. விஷுவல் எடிட்டர் தானாக விக்கிக் குறியீட்டைப் புரிந்துகொள்வதில்லை. குறியீட்டை எச்டிஎம்எல் ஆக்கித் தருவதும், நீங்கள் திருத்தியதை மறுபடி குறியீடாக்குவதும் பார்சாய்ட் என்ற இன்னொரு நிரல். அது முன்பு ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டிருந்ததால் சர்வரில் தனிச் சேவையாக ஓட வேண்டியிருந்தது, பகிர்வு ஹோஸ்டிங் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அங்கேயே நின்றுபோனார்கள். பிறகு பார்சாய்டை, மீடியாவிக்கியே எழுதப்பட்ட பிஎச்பி மொழியில் திருப்பி எழுதி, 2020-இல் வந்த 1.35 பதிப்போடு விஷுவல் எடிட்டரையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். இப்போது அமைப்புக் கோப்பில் அந்த நீட்சியை (மீடியாவிக்கியோடு சேரும் கூடுதல் நிரலை) ஏற்றச் சொல்லும் ஒரு வரி எழுதினால் போதும்.

ஆகவே உங்களுக்கு முதல் வேலை விஷுவல் எடிட்டர் இல்லை, பதிப்பை உயர்த்துவது. 1.35-க்கே ஆதரவு 2023 இறுதியோடு முடிந்துவிட்டது என்பதால் அங்கே போய் நிற்காதீர்கள். 2024 டிசம்பரில் வந்த 1.43 நீண்டகால ஆதரவுப் பதிப்பு, 2027 டிசம்பர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதைக் குறி வையுங்கள். ஆனால் 1.31-இலிருந்து ஒரே தாவலாக 1.43-க்குப் போக முடியாது, நடுவில் 1.35-ஐத் தொட்டுத்தான் போக வேண்டும். இங்கே நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. 1.35 பிஎச்பி 7.4-இல் நன்றாக ஓடும், 8-ஐ ஆதரிக்காது, 1.43-க்கோ குறைந்தது 8.1 வேண்டும். அதனால் 7.4-ஐ வைத்துக்கொண்டு 1.35-க்குப் போய்த் தரவுத்தளப் புதுப்பிப்பை முடித்துவிட்டு, அப்புறம் ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகத்தில் பிஎச்பியை மாற்றி, அதன் பிறகு 1.43-இன் கோப்புகளை வைத்து மறுபடி புதுப்பிக்க வேண்டும். கட்டளை வரி அனுமதி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், இந்தப் புதுப்பிப்பை உலாவி வழியாகவே ஓட்டும் பக்கம் மீடியாவிக்கியில் இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் தரவுத்தளம், படங்கள் இருக்கும் அடைவு, அமைப்புக் கோப்பு மூன்றையும் நகலெடுத்து வேறு கணினியில் வையுங்கள். நகலெடுத்தால் மட்டும் போதாது, அந்த நகலை வைத்து ஒரு துணை முகவரியில் தளத்தை எழுப்பிப் பாருங்கள். எழுந்தால்தான் அது நகல். அந்தத் துணைத் தளத்திலேயே உயர்த்துதலையும் ஒத்திகை பார்த்துவிட்டால் உண்மையான தளத்தில் கை நடுங்காது.

1.35 காலத்துப் பதிப்பிலேயே இருந்துகொண்டு விஷுவல் எடிட்டரைத் திறந்ததும் ‘சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று பிழை வருகிறது என எழுதியிருந்த இன்னொரு வாசகருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தப் பதிப்பில் விக்கி தன்னையே இணையம் வழியாக அழைத்துத்தான் பார்சாய்டிடம் பேசும். தளம் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருந்தாலோ, சர்வர் தன் முகவரியைத் தானே தொட முடியாதபடி தீயரண் தடுத்தாலோ அந்த அழைப்பு திரும்பிவிடும். மற்றப் பக்கங்கள் சரியாக இருந்து, தலைப்பில் சாய்கோடு உள்ள துணைப் பக்கங்கள் மட்டும் 404 காட்டினால் கோளாறு அப்பாச்சி என்ற வலைச் சர்வர் மென்பொருளின் அமைப்பில்: முகவரியில் குறிமாற்றிய சாய்கோடுகளை அப்படியே விட்டுவிடச் சொல்லும் அமைப்பை இயக்க வேண்டும். பின்னால் வந்த பதிப்புகளில் பார்சாய்டை நேரடியாகவே அழைப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது.

கேள்வி: விஷுவல் எடிட்டர் வேலை செய்கிறது. பத்திகளை எல்லாரும் எளிதாகத் திருத்துகிறார்கள். ஆனால் பக்கத்தின் மேலே உள்ள தகவல் பெட்டியைத் தொட்டதும் ஒன்றும் புரியாத பெயர்களோடு ஒரு சாளரம் வருகிறது, பழையபடி என்னிடமே வந்து நிற்கிறார்கள். நான் எதையாவது விட்டுவிட்டேனா?

நல்ல கேள்வி. நீட்சியை நிறுவுவது ஒரு மாலை வேலை. மீதி வேலை முழுக்க வார்ப்புருக்களில்தான், அதாவது பல பக்கங்களில் திரும்பத் திரும்பப் பயன்படும் அச்சுகளில். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு ‘விஷுவல் எடிட்டர் போட்டும் யாரும் எழுதவில்லை’ என்று சலித்துக்கொள்ளும் தளங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

உங்கள் தகவல் பெட்டி வார்ப்புருவில் எந்தெந்த இடங்கள் நிரப்ப வேண்டியவை என்பது நிரலுக்குத் தெரியும், அவை எதற்கு என்பது தெரியாது. அதனால் வார்ப்புருவை எழுதியவர் வைத்த பெயர்களையே வெறுமனே வரிசைப்படுத்திக் காட்டுகிறது. ‘பட அக’ என்று பெயர் வைத்தவருக்கு அது படத்தின் அகலம். முதல்முறை பார்ப்பவருக்கு என்ன தெரியும்? இதைத் தீர்க்கத்தான் டெம்ப்ளேட்டேட்டா என்ற நீட்சி. அதுவும் மீடியாவிக்கியோடே வருகிறது, இயக்கினால் போதும். இயக்கியபின் வார்ப்புருப் பக்கத்தையோ அதன் ஆவணத் துணைப் பக்கத்தையோ தொகுக்கத் திறந்தால் மேலே வார்ப்புருத் தரவை நிர்வகிக்க ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தி, படிவம் நிரப்புவதுபோல ஒவ்வொரு அளபுருவுக்கும் (நிரப்ப வேண்டிய இடத்துக்கும்) விவரம் கொடுத்துக்கொண்டே போகலாம்.

ஒரே ஒரு அளபுருவை எடுத்துக்கொள்வோம். தாவரப் பெட்டியில் ‘பூக்காலம்’ என்று இருக்கிறது என வையுங்கள். சிட்டை (திரையில் தெரியும் பெயர்): ‘பூக்கும் காலம்’. விளக்கம்: ‘பெரும்பாலும் எந்த மாதங்களில் பூக்கும், தெரியாவிட்டால் காலியாக விடவும்’. எடுத்துக்காட்டு: ‘மார்ச் – மே’. வகை: ஒற்றை வரி. நிலை: கட்டாயம் இல்லை, பரிந்துரைக்கப்பட்டது. இந்த ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்பதை அவசியம் பயன்படுத்துங்கள். அப்படிக் குறித்தவை வார்ப்புருவைப் புதிதாகச் சேர்க்கும்போதே திறந்து நிற்கும், மற்றவை தேடினால்தான் வரும். பெட்டியில் முப்பது நாற்பது அளபுரு இருந்தாலும் புதியவர் கண்ணில் ஏழெட்டு மட்டும் பட்டால் போதும். ‘கட்டாயம்’ என்பதைக் கஞ்சத்தனமாக வையுங்கள். தெரியாத இடத்தைக் கட்டாயம் என்று குறித்தால் ஏதாவது ஒன்றை எழுதி நிரப்பிவிடுவார்கள், பிறகு அதைக் கண்டுபிடித்து எடுப்பது பெரும்பாடு.

படத்துக்கான இடத்தில் வகையைக் ‘கோப்பு’ என்று கொடுத்தால் எழுத எழுத விக்கியில் உள்ள கோப்புகளின் பெயர்கள் கீழே விரியும். பக்கப் பெயர் கேட்கும் இடத்துக்கு ‘பக்கம்’ என்று கொடுத்தாலும் அப்படியே. குறிப்பிட்ட சில விடைகள் மட்டும் பொருந்தும் இடத்தில், உதாரணமாகச் செடி, கொடி, மரம், புல் என்று நான்கே வகை என்றால், அந்த நான்கையும் பரிந்துரை மதிப்புகளாக எழுதிவிடலாம். எழுத்துப்பிழையோடு ஐந்தாவது வகை ஒன்று உருவாவது இதனால் குறையும். எல்லாம் எழுதிச் சேமித்த பிறகும் பழைய சாளரமே வந்தால் பதறாதீர்கள். விவரத்தை ஆவணத் துணைப் பக்கத்தில் எழுதியிருந்தால் வார்ப்புருவுக்கு அது போய்ச் சேரச் சற்று நேரமாகும். வார்ப்புருப் பக்கத்தைத் திறந்து எதையும் மாற்றாமல் ஒருமுறை சேமித்தால் உடனே வந்துவிடும்.

இன்னொன்று. அட்டவணையின் தொடக்கத்தை ஒரு வார்ப்புருவிலும் முடிவை இன்னொரு வார்ப்புருவிலும் வைத்து, நடுவில் வரிசைகளை எழுதும் பழக்கம் பழைய விக்கிகளில் நிறைய உண்டு. விஷுவல் எடிட்டர் இதைத் தனித்தனி வரிசைகளாகப் பார்க்காது, மொத்தத்தையும் தொட முடியாத ஒரே கட்டியாகக் காட்டும். இப்படிப்பட்ட வார்ப்புருக்களைத் தேடிப் பிடித்து, சாதாரண விக்கி அட்டவணையாக மாற்றுங்கள். திறந்த குறி மூடாமல் கிடக்கும் இடங்களை லின்டர் நீட்சி பட்டியல் போட்டுத் தரும். அதிகப் பக்கங்களில் பயன்படும் வார்ப்புருவிலிருந்து ஆரம்பித்தால் முதல் பத்திலேயே பெரிய மாற்றம் தெரியும்.

கேள்வி: பல ஆண்டாக விக்கிக் குறியீட்டில் எழுதுகிறவன் நான். விஷுவல் எடிட்டர் வந்தால் அழகாக எழுதி வைத்த குறியீட்டைக் கலைத்துவிடும், ‘இதைக் குறியீடாக எடுக்காதே’ என்று சொல்லும் நோவிக்கி குறிகளை இடையிடையே தூவிவிடும் என்கிறார்கள். நிர்வாகிகளிடம் வேண்டாம் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்து?

வேண்டாம் என்று சொல்லாதீர்கள் ஐயா. உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் இதை எல்லாருக்கும் இயல்பாகத் திறந்துவிட்டார்கள். அது இன்னும் பக்குவப்படவில்லை என்று பழைய தொகுப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், செப்டம்பரிலேயே விரும்பியவர் மட்டும் இயக்கிக்கொள்ளலாம் என்று மாற்ற வேண்டியதாயிற்று. நீங்கள் கேள்விப்பட்ட கதைகளில் பல அந்தக் காலத்தவை.

இன்று பார்சாய்ட் வேலை செய்யும் விதம் இது: பக்கத்தில் திருத்தப்பட்ட பகுதியை மட்டும் புதிதாகக் குறியீடாக்கும், தொடாத பகுதிக்குப் பழைய குறியீட்டையே எழுத்து மாறாமல் எடுத்து வைக்கும். நீங்கள் எழுதிய பத்திக்கு மூன்று பத்தி தள்ளி ஒருவர் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினால் உங்கள் வரிகளில் ஓர் இடைவெளிகூட மாறாது. வார்ப்புருவில் ஒவ்வொரு அளபுருவையும் தனி வரியில் எழுதும் உங்கள் பழக்கத்தையும் காப்பாற்றலாம்: முன் பதிலில் சொன்ன வார்ப்புருத் தரவில் ‘வரிக்கு ஒன்றாக’ என்ற வடிவமைப்பைத் தேர்ந்தால் விஷுவல் எடிட்டரும் அதே ஒழுங்கில் எழுதும்.

நோவிக்கி பிரச்சினை முற்றிலும் போய்விடவில்லை. காட்சி முறையில் இருந்துகொண்டே ஒருவர் பழக்கதோஷத்தில் விக்கிக் குறிகளைத் தட்டினால், அவை சாதாரண எழுத்தாகவே தெரிய வேண்டும் என்று எண்ணி நிரல் நோவிக்கியைச் சேர்க்கும். இரட்டைச் சதுர அடைப்பைத் தட்டினால் இணைப்புப் பெட்டியும் இரட்டை நெளிவு அடைப்பைத் தட்டினால் வார்ப்புருச் சாளரமும் தானே திறக்கும் என்பதால் முன்னளவுக்கு இது நடப்பதில்லை. கவனித்துப் பாருங்கள், இந்தத் தவறைச் செய்வது பெரும்பாலும் குறியீடு தெரிந்தவர்கள்தான். உங்களுக்கு மூலத் தொகுப்பு அப்படியே இருக்கும், இரண்டு தத்தல்களும் (மேலே வரும் ‘தொகு’ பொத்தான்கள்) பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வாசல் இரண்டு இருந்தால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை, உள்ளே வர வழி தெரியாமல் நின்றவருக்கு அது பெரிய விஷயம்.

கேள்வி: பேச்சுப் பக்கத்திலும் வார்ப்புருப் பக்கத்திலும் காட்சித் தத்தலே வரவில்லையே, ஏன்?

வராதபடிதான் வடிவமைத்திருக்கிறார்கள். உள்ளடக்கப் பக்கங்கள், பயனர் பக்கங்கள் போன்ற சில பெயர்வெளிகளில், அதாவது பக்க வகைகளில்தான் இயல்பாக வரும். நீங்களே உருவாக்கிய பெயர்வெளி இருந்தால் அமைப்புக் கோப்பில் அதைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். வார்ப்புருப் பக்கங்களில் சேர்க்க முயல வேண்டாம்.

கேள்வி: எங்கள் விக்கிக்கு ஒரு கைப்பேசிச் செயலி செய்யலாமா?

வேண்டாம். தேடுபொறி வழியாக வருகிறவர் ஒரு பக்கத்தைப் படிக்கச் செயலி நிறுவ மாட்டார். அந்த உழைப்பைத் தளத்தின் கைப்பேசித் தோற்றத்தில் போடுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் எங்கள் தளம் கணினித் திரையைச் சுருக்கி வைத்தாற்போல் தெரிகிறது. மொபைல்ஃப்ரன்ட்எண்ட் நீட்சி போட்டேன், எந்த மாற்றமும் இல்லை. தகவல் பெட்டியும் அட்டவணைகளும் திரையை விட்டு வெளியே ஓடுகின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மாற்றம் இல்லாததற்குக் காரணம் எளியது. அந்த நீட்சி, வருகிறவர் கைப்பேசியில் இருக்கிறாரா என்று தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை இயல்பில் அணைத்தே வைத்திருக்கிறது. பக்கத்தின் அடியில் ‘கைப்பேசித் தோற்றம்’ என்றொரு இணைப்பு வந்திருக்கும், அழுத்திப் பாருங்கள், வேலை செய்யும். அமைப்புக் கோப்பில் தானியங்கிக் கண்டறிதலை இயக்கி, கைப்பேசிக்கான தோலாக (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தொகுப்பாக) மினர்வாவைக் குறித்துவிடுங்கள். உங்கள் மீடியாவிக்கி எந்தப் பதிப்போ அதே கிளையிலுள்ள நீட்சியைத்தான் இறக்க வேண்டும், 1.39-இல் 1.43-க்கானதைப் போட்டால் தளமே திறக்காமல் போகலாம். தளத்துக்கு முன்னால் வார்னிஷ் போன்ற தற்காலிகச் சேமிப்பு ஏதாவது இருந்தால், கைப்பேசிக்கும் கணினிக்கும் தனித்தனிப் பிரதி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கைப்பேசிப் பக்கம் கணினிக்காரருக்குப் போகும், யாருக்கும் காரணம் புரியாது.

சிறிய தளமென்றால் இந்த நீட்சியே இல்லாமலும் பிழைக்கலாம். டைம்லெஸ் தோல் திரை அகலத்துக்கேற்பத் தானே மாறும், கணினிக்கும் கைப்பேசிக்கும் ஒரே தோல், ஒரே பக்கம், பராமரிப்பும் குறைவு. பக்கங்கள் நீளமாக இருந்து, தலைப்புகள் மடிந்து நின்று தொட்டால் விரிய வேண்டும் என்று விரும்பினால் மொபைல்ஃப்ரன்ட்எண்டும் மினர்வாவும்தான் சரி.

எந்தத் தோல் போட்டாலும் தகவல் பெட்டி வெளியே ஓடுவது நிற்காது, ஏனென்றால் அதன் அகலத்தை யாரோ ஒருவர் வார்ப்புருவுக்குள்ளேயே பிக்சல் கணக்கில் எழுதி வைத்திருப்பார். உள்ளே எழுதிய அந்தப் பாணி எல்லாவற்றையும் மீறும். டெம்ப்ளேட்ஸ்டைல்ஸ் நீட்சியை நிறுவி, வார்ப்புருவுக்கென்று ஒரு பாணிப் பக்கம் உருவாக்கி, அகலம், மிதப்பு, ஓரம் எல்லாவற்றையும் அங்கே மாற்றுங்கள். இயல்பில் பெட்டி முழு அகலம். திரை 640 பிக்சலுக்கு மேல் இருந்தால் மட்டும் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கட்டும். சிறிய திரைக்கு முதலில் எழுதிப் பெரிய திரைக்கு விதிவிலக்கு வைப்பது, தலைகீழாகச் செய்வதைவிட எப்போதும் சுலபம். பெட்டிக்கு ‘இன்ஃபோபாக்ஸ்’ (infobox) என்ற வகுப்புப் பெயரையும் கொடுத்துவிட்டால் மொபைல்ஃப்ரன்ட்எண்ட் பக்கத்தின் முதல் பத்தியைப் பெட்டிக்கு மேலே தூக்கி வைக்கும்: கைப்பேசியில் திறப்பவர் ‘இது என்ன’ என்பதை முதலில் படிப்பார், பெட்டி அப்புறம் வரும்.

பத்து நெடுவரிசைகள் கொண்ட அகலமான அட்டவணையைக் கைப்பேசியில் அழகாகக் காட்ட மந்திரம் ஒன்றும் இல்லை. அதை ஒரு உறைக்குள் வைத்து, அந்த உறை மட்டும் பக்கவாட்டில் நகரும்படி செய்யுங்கள், முழுப் பக்கமும் ஆடாமல் இருந்தால் போதும். படங்களை வரிசைப்படுத்த மட்டும் அட்டவணை போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு விக்கியின் காட்சியகக் குறியைப் பயன்படுத்துங்கள், அது தானே மடங்கும். சுட்டியை மேலே வைத்தால் மட்டும் தெரியும் விளக்கங்கள் கைப்பேசியில் யாருக்கும் தெரியாது, முக்கியமானதை அப்படி ஒளித்து வைக்காதீர்கள். உலாவியில் கைப்பேசி போல் காட்டும் கருவி நல்லதுதான் என்றாலும், ஒரு உண்மையான, கொஞ்சம் பழைய கைப்பேசியில் திறந்து பார்த்தால்தான் தளம் எவ்வளவு கனமாக இருக்கிறது என்று உறைக்கும்.

கேள்வி: கைப்பேசியிலேயே எழுதுவது நடைமுறையில் சாத்தியமா? படிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

நிறுத்தாதீர்கள். கட்டுரை முழுவதையும் கைப்பேசியில் எழுதுகிறவர் குறைவுதான். ஆனால் பிழை கண்ணில் படும் நேரத்தில் கையில் இருப்பது கைப்பேசி. ‘வீட்டுக்குப் போய்க் கணினியில் திருத்தலாம்’ என்று நினைத்த திருத்தம் வந்து சேர்வதில்லை. விஷுவல் எடிட்டர் இருக்கும் தளத்தில் மொபைல்ஃப்ரன்ட்எண்டின் தொகுப்பானிலும் காட்சி முறை கிடைக்கும், பென்சில் குறியைத் தொட்டு அந்தப் பகுதியை மட்டும் திறக்கலாம். தமிழ் தட்டச்சுக்குக் கைப்பேசியின் சொந்த விசைப்பலகையே போதும். கணினியில் எழுதுகிறவர்களுக்காக யுனிவர்சல் லாங்குவேஜ் செலக்டர் நீட்சியைப் போட்டால் தமிழ்99-உம் எழுத்துப்பெயர்ப்பும் தளத்திலேயே கிடைக்கும். உள்நுழைவைக் கட்டாயமாக்கியிருந்தால், உள்நுழைந்ததும் படித்துக்கொண்டிருந்த அதே பக்கத்துக்குத் திரும்புகிறதா என்று சோதித்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் அந்தத் திருத்தம் அதோடு போயிற்று.

கேள்வி: எங்களுடையது டோக்குவிக்கி. இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

கைப்பேசிக் கவலை உங்களுக்குக் குறைவு, அதன் இயல்பான தோற்றமே சிறிய திரைக்கு ஒத்துப்போகும். காட்சித் தொகுப்புக்கு ப்ரோஸ்மிரர், சிகேஜிஎடிட் என்று செருகுநிரல்கள் இருக்கின்றன. டோக்குவிக்கி பக்கங்களைச் சாதாரண உரைக் கோப்புகளாகவே வைப்பதால் முழுத் தளத்தையும் ஒரு அடைவாக நகலெடுத்துச் சோதிப்பது உங்களுக்கு மிகச் சுலபம், தைரியமாகச் செய்யுங்கள். புதிதாகவே தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வார்ப்புருக்களெல்லாம் தேவைப்படாத, சிறு குழுவின் கையேடு போன்ற தளம் என்றால் புக்ஸ்டேக் அல்லது எக்ஸ்விக்கி எடுத்துக்கொள்ளலாம், இரண்டிலும் காட்சித் தொகுப்பு ஆரம்பத்திலிருந்தே உண்டு.

கேள்வி: இவ்வளவும் செய்து முடித்துவிட்டோம். உண்மையிலேயே பயன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மீடியாவிக்கியே குறித்து வைக்கிறது. விஷுவல் எடிட்டரில் செய்த ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு குறிச்சொல் விழும், கைப்பேசியில் செய்தவற்றுக்கு இன்னொன்று. அண்மைய மாற்றங்கள் பக்கத்தில் அவற்றை வைத்து வடிகட்டிப் பார்க்கலாம், குறிச்சொற்களுக்கான சிறப்புப் பக்கத்தில் மொத்த எண்ணிக்கையும் இருக்கும். எண்ணிக்கையைவிட யார் என்பதைப் பாருங்கள்: இதற்கு முன் ஒரு தொகுப்பும் செய்யாத கணக்குகள் அந்தப் பட்டியலில் தெரிகின்றனவா?

அதே இடத்தில் இன்னும் இரண்டு குறிச்சொற்கள் உண்டு. ஒன்று, குறியீட்டில் எதிர்பாராத மாற்றம் நேர்ந்திருக்கலாம் என்று நிரலே சந்தேகப்பட்டுப் போடுவது. அந்தத் தொகுப்புகளை யாராவது ஒருவர் தினமும் திறந்து பார்க்கட்டும். மற்றொன்று, காட்சி முறையில் ஆரம்பித்து நடுவிலேயே மூலத் தொகுப்புக்கு மாறியவர்களுடையது. எனக்கு எல்லாவற்றிலும் பயனுள்ளதாகப் படுவது இதுதான். ஒரே வகைப் பக்கங்களில் பலர் மறுபடி மறுபடி மாறுகிறார்கள் என்றால் அங்கே இருக்கும் வார்ப்புரு எதையோ செய்யவிடாமல் தடுக்கிறது. அந்தப் பக்கங்களைத் திறந்து, அவர்கள் என்ன திருத்தினார்கள் என்று பாருங்கள்; அடுத்து எந்த வார்ப்புருவுக்கு விவரம் எழுத வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.